புகார்: சர்வீஸில் அளவுக்கு மேல் ஊற்றிய என்ஜின் ஆயில்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: சேலம் சர்வீஸ் சென்டரில் என் டீசல் காருக்குக் கூடுதலாக ஆயில் ஊற்றியதும், அதை ஜாப் கார்டில் (செய்த வேலைகளை எழுதும் சீட்டில்) பதிய மறுத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வாரண்டியில் இருக்கும் என் காரைச் சேலத்தில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வழக்கமான சர்வீஸுக்கு விட்டிருந்தேன். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் காலை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அந்த மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள்ளேயே முன் சீட்டில் இருந்த என் மைத்துனர், "மாமா, என்னமோ தீயுற வாடை வருதே" என்றார். கிளட்ச் தீய்கிற வாடை வேறு. இது சூடான இரும்பில் ஆயில் பட்டால் வருகிற வாடை.

மேலே ஏரிப் பக்கம் சமதளமாக ஓர் இடம் பார்த்து நிறுத்தினேன். என்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, கடைசி வரை செருகி மறுபடி உருவினேன். ஆயில் மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. குச்சியில் ஒட்டியிருந்ததில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாயான பிரீதர் ஹோஸ் சேரும் இடம் ஆயில் கசிந்து பிசுபிசுவென்றிருந்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருக்கிறேன்.

உடனே உங்கள் சர்வீஸ் அட்வைசருக்குப் போன் செய்தேன். "கம்மியா இருந்தாதான் சார் பிரச்சினை. கொஞ்சம் கூட இருந்தா என்ஜினுக்கு நல்லதுதான், ஓட ஓடக் குறைஞ்சிடும்" என்றார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இந்தப் பதில்தான். ஆயில் கூடிப்போனது யாருக்கும் நடக்கலாம். கூடினால் நல்லது என்று ஓர் அங்கீகரிக்கப்பட்ட சென்டரே சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

உங்கள் பொறியாளர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதம் அந்த அட்வைசர் கைக்கும் போகும் என்பதால் எழுதுகிறேன். என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் அளவு மீறினால், சுழலும் கிராங்க் தண்டு அதைத் தொட்டு, மத்தில் சிலுப்பிய மோர் போல நுரையாக்கிவிடும். பம்ப் அந்த நுரையைத்தான் உறிஞ்சி அனுப்பும். பேரிங்குக்கு ஆயிலோடு காற்றும் போகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் படலத்தில் காற்று கலந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினால் ஆயில் சீல்கள் கசியும், பிரீதர் வழியாக ஆயில், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போய் எரியும். அப்படி எரிந்த ஆயிலின் சாம்பல், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-இல் போய்த் தங்கும். அதில் சேர்ந்த கரியை அவ்வப்போது சூடேற்றி எரிக்கும் ரீஜெனரேஷனில் கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. நிறைய ஆயில் உள்ளே போனால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடுவதும் உண்டு. அதனால்தான் மலையிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பெரிதாக மிதிக்காமல், குறைந்த ஆர்பிஎம்மிலேயே வண்டியை இறக்கினேன். வேறு வழியும் இல்லை.

அப்புறம் பில்லை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 4.5 லிட்டர் என்று இருக்கிறது. பில்லில் 5 லிட்டர். நேரில் போய்க் கேட்டபோது, "பேக்கேஜ்ல அஞ்சு லிட்டர்தான் சார் வரும்" என்றார்கள். பழைய ஆயில் எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். அதன் மேல் இந்த 5 லிட்டர். வடித்து, ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து நிறுத்துவதுதான் முறை. இங்கே பில் போடுகிற கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். இதை ஒரு மெக்கானிக்கின் கைப்பிசகாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பையன் சொன்னதைச் செய்திருக்கிறான், அவ்வளவுதான். அதே பேக்கேஜில் சர்வீஸ் முடித்துப் போன மற்ற வண்டிகளை யார் பார்ப்பது?

ஒர்க்ஸ் மேனேஜர் வேறு ஒரு காரணம் சொன்னார். பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் ஆயில் அளவு தானாகவே ஏறுமாம். பாதி உண்மைதான். ரீஜெனரேஷனுக்காகக் கூடுதலாகத் தெளிக்கிற டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓட்டி, ரீஜெனரேஷன் பாதியில் நின்றுபோகிற வண்டிகளில் அது அதிகம். ஆனால் அது நாள்பட ஏறுகிற கணக்கு. ஆயிலை முகர்ந்தால் டீசல் நாற்றம் அடிக்கும், தொட்டால் நீர்த்திருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஆயில் மாற்றிய வண்டியில், விடிந்ததும் அரை லிட்டருக்கு மேல் டீசல் எங்கிருந்து வரும்? இதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ரொம்ப வற்புறுத்திய பிறகு, டிப்ஸ்டிக் குழாய் வழியாக டியூப் விட்டு என் கண் முன்னாலேயே உறிஞ்சி எடுத்தார்கள். மெக்கானிக் கொஞ்சம் எடுப்பதும், பனியன் வேஸ்ட்டில் குச்சியைத் துடைத்துப் பார்ப்பதுமாக நிதானமாகத்தான் செய்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயில் மேல் குறிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றபோது அளவு ஜாடியில் 600 மில்லி இருந்தது. அதற்கும் போட்டோ உண்டு. இதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொன்னேன். முடியாது என்றார்கள். "ஜெனரல் செக்கப் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். நான் போடவில்லை. நாளைக்கு டர்போவோ ஆயில் சீலோ போனால், அந்த ஒரு வரியைக் காட்டி வாரண்டி இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்ப முடியும் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். கூடுதலாக ஊற்றி, பிறகு வெளியே எடுத்த 600 மில்லி ஆயிலின் விவரம் என் வண்டியின் சர்வீஸ் பதிவில் ஏற வேண்டும். டர்போ, இன்டர்கூலர் ஹோஸ், கிராங்க் ஆயில் சீல்கள், டிபிஎஃப் ஆகியவற்றை உங்கள் நிறுவனப் பொறியாளர் ஒருவர் என் செலவில்லாமல் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். இதனால் பின்னால் வரும் பழுது எதுவானாலும் வாரண்டியில் சேரும் என்றும் எழுதித் தர வேண்டும். கையேட்டு அளவுக்கு மேல் பில் போட்ட அரை லிட்டர் ஆயிலின் விலையைத் திருப்பித் தர வேண்டும். தொகை சின்னதுதான், அதற்காக விட்டுவிடப் போவதில்லை. என் வண்டியைத் தாண்டி ஒன்றும் கேட்கிறேன்: பேக்கேஜில் உள்ள 5 லிட்டர் என்ற எண்ணைத் திருத்துங்கள். டெலிவரி கொடுக்கும்போது சமதளத்தில் வண்டியை நிறுத்தி டிப்ஸ்டிக்கை உரிமையாளரிடம் காட்ட வேண்டும் என்று எல்லா சென்டர்களுக்கும் உத்தரவு போடுங்கள். அதற்கு ஆகும் நேரம், கார் கழுவுகிற நேரத்தில் கால்வாசிகூட இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. சர்வீஸ் சென்டரிலிருந்து "திருப்தியா சார்?" என்று கேட்டு வருகிற போன் அழைப்பைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்,
சேலம்.

இணைப்பு: சர்வீஸ் பில் நகல், கையெழுத்திடாத ஜாப் கார்டு நகல், கையேட்டில் ஆயில் கொள்ளளவு உள்ள பக்கத்தின் நகல், டிப்ஸ்டிக் மற்றும் அளவு ஜாடியின் போட்டோக்கள்.