பங்களாவுக்குப் பக்கத்தில் வீடு கூடாதா? மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் யாங் டி பெர்துவா அவர்களுக்கும் உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் நீங்கள் நிராகரித்த வீடமைப்பு விண்ணப்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய ரப்பர்த் தோட்டத்தின் முகப்பில், தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்கும் புகைவீட்டுக்கும் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கும் நடுவே கிடக்கும் நிலத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் குடும்பங்களுக்கு நாற்பது வீடுகள் கட்ட எங்கள் கூட்டுறவுச் சங்கம் கேட்ட அனுமதி அது. மலாய் மொழியில் எழுதிய மனுவைச் சங்கம் உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டது. நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மன்றத்தில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படிக்க வேண்டும். இங்கே வீடு கூடாது என்று வந்த எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இடத்தின் வரலாற்றுத் தன்மைக்குக் குடியிருப்பு பொருந்தாது என்கிறது அந்த வரி.

நான் பிறந்ததே அந்த நிலத்தில்தான். இன்று லாலாங் புல் மண்டிக் கிடக்கும் இடத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளாக ஆறு லயங்கள் இருந்தன. ஐந்தாவது லயத்தின் கோடி வீடு எங்களுடையது. விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும். அம்மா நெத்தி விளக்கைக் கட்டிக்கொண்டு, தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நிரைக்குப் பால் வெட்டப் போவார். அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. அசிட் ஊற்றி உறைந்த ரப்பர்ப் பாலை உருளை மிஷினில் கொடுத்துச் சீட்டாக இழுப்பார்கள். பிறகு கழிகளில் தொங்கவிட்டு நாள்கணக்கில் புகை போட வேண்டும். வெள்ளையாக உள்ளே போன சீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும். தீ அணையவும் கூடாது, எழும்பவும் கூடாது என்பதால் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்துபோய் விறகைப் பார்த்துவிட்டு வருவார். எங்கள் வீட்டு வாசலுக்கும் புகைவீட்டுக் கதவுக்கும் எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எண்ணிக்கொண்டே அவருக்குத் தேநீர் கொண்டுபோவேன்.

ஆகவே, அந்தக் கட்டடங்களுக்கு அருகில் வீடுகள் பொருந்தாது என்று படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. அந்தப் பங்களா ஒருநாளும் தனித்து நின்றதில்லை. துரை வராந்தாவில் நின்று பார்த்தால் எல்லா லயத்துக் கூரையும் கண்ணில் பட வேண்டும், அதற்காகத்தான் மேட்டில் கட்டினார்கள் என்று அப்பா சொல்வார். சுற்றிலும் அடுப்புப் புகையும் சேவல் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் இருந்த இடம். புல்வெளி நடுவே அமைதியாக நிற்கும் பங்களா என்று இன்றைக்கு எடுக்கும் படங்களில் தெரிவது, லயங்களை இடித்த பிறகு உண்டான வெறுமை. அந்த வெறுமையை வரலாறு என்று நினைத்துக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கம் முதலில் கொடுத்த வரைபடம் நல்ல வரைபடம் இல்லை. நான்கு மாடிக் கட்டடம் இரண்டைப் பங்களாவின் நெஞ்சுக்கு நேரே நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் வரைபடத்திலேயே இல்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து, இது கூடாது என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரைபடத்தை நீங்கள் மறுத்தது நியாயம். உயரத்தைக் குறையுங்கள், தள்ளிக் கட்டுங்கள், மரத்தை விட்டுவையுங்கள் என்று மட்டும் உங்கள் கடிதம் சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அது அந்த இடத்தில் குடியிருப்பே கூடாது என்கிறது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனைப் பாருங்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய நகரம். அங்கே கட்டட உயரத்துக்கு 18 மீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அதைத் தாண்டிய ஹோட்டல் திட்டங்களால் பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனால் கடைவீடுகளில் மக்கள் குடியிருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆள் இல்லாமல் போனால் அந்தத் தெருக்கள் செத்துப்போகும் என்றுதான் அக்கறை உள்ளவர்கள் கவலைப்படுகிறார்கள். உலகமே போற்றும் நகரத்தில் வீடும் பழைய கட்டடமும் சேர்ந்திருக்கலாம் என்றால், நம் சின்னத் தோட்டப் பட்டணத்தில் ஏன் முடியாது?

ஆள் இல்லாத கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். நம் புகைவீட்டைப் போய்ப் பாருங்கள். அடுப்பு எரிந்த காலம்வரை அதன் உத்திரத்தில் கரையான் அண்டியதில்லை. இன்று கையால் தொட்டால் மரம் தூளாக உதிர்கிறது. கூரைத் தகரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். உருளை மிஷின் ஒன்று பாக்கி இருந்தது, போன ஆண்டு அதுவும் காணவில்லை. வடக்குச் சுவரில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. பள்ளிக் கட்டடத்துக்கு மட்டும் ஏன் இன்னும் கதவும் சன்னலும் இருக்கின்றன தெரியுமா? பக்கத்துக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் நாலைந்து பெண்கள் அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களும் வயதானவர்கள். டவுனிலிருந்து மகன்களின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள்.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அங்கேதான் படித்தேன், அங்கேதான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. நாடெங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம். எங்களுக்குக் கிடைத்தது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே ஒரு நீளக் கொட்டகை. மழை பெய்தால் நான் பேசுவது முதல் வரிசைக்கே கேட்காது. வாய்ப்பாட்டை எல்லாரும் சேர்ந்து கத்துவோம். பள்ளி டவுனுக்கு மாறியபோது கரும்பலகையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். இன்னும் இருக்கிறது.

ஒருமுறை மாணவர்களை பேராக் மாநிலத்து பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்கு அழைத்துப் போனேன். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்துபோனதால் முடியாமல் நின்ற மாளிகை. பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த நம்மவர்களைக் கொள்ளைக் காய்ச்சல் கொண்டுபோனபோது, அவர்கள் கேட்டு அவர் கட்டிக்கொடுத்தது என்பார்கள். கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாகத் தொப்பி போட்ட துரையின் உருவமும் நிற்கும். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம். ஒரு பையன் மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கல்லு தூக்குனவங்க எங்க தூங்குனாங்க?" என்று கேட்டான். காட்டுவதற்கு என்னிடம் ஓர் இடமும் இல்லை. நம் பட்டணத்தில் அந்தக் கேள்விக்குக் காட்ட ஓர் இடம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் காலியாக வைத்திருக்கச் சொல்கிறீர்கள்.

2009இல் பினாங்கில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள், இந்தக் கம்பம், இந்த ஊர், எங்கள் மரபு என்று சொல்லித்தான் போராடினார்கள். அடுக்குமாடித் திட்டத்துக்காக வீடுகள் போயின. மரபு என்ற சொல் அன்று நம் மக்களின் வீட்டைக் காப்பாற்றவில்லை. இன்று அதே சொல் நம் மக்கள் வீடு கட்டாதபடி குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டு முறையும் நாமே வெளியே நிற்க வேண்டும் என்றால் மனம் எப்படி ஆறும்?

எதிர்ப்புத் தெரிவித்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழைய கட்டடத்தை நேசிப்பவர்கள் என் பக்கத்து ஆட்கள். ஆனால் ஆட்சேபம் கேட்ட முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் வராத பகுதியில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தர வேண்டும். தந்தீர்கள். நோட்டீஸ் போனது நிலம் வைத்திருப்பவர்களுக்கு. மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தும் ஒரு சாண் நிலம் இல்லாதவர்களுக்கு எந்த நோட்டீசும் வராது. தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 60 வயதில் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் இன்று டவுனில் வாடகை அறைகளிலும் பிள்ளைகள் வீட்டு ஹாலிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சட்டம் கேட்கச் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. கூப்பிட்டுக் கேளுங்கள்.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் செங்கல்லையும் பலகையையும் மட்டும் மரபு என்று சொல்லவில்லை. மொழி, பாட்டு, ஆட்டம் என்று உருவில்லாதவற்றையும் அது மரபாகக் கணக்கில் எடுக்கிறது. ஆடி மாதம் கோயிலில் உறுமி அடிப்பதும் கரகம் எடுப்பதும் இந்த நாற்பது குடும்பங்கள்தான். அவர்களைத் தூரத்து அடுக்குமாடிகளில் பிரித்துவிட்டால் கோயில் சுவர் நிற்கும். உறுமி யார் அடிப்பது?

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த நாளில், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அப்பாவும் கட்டினார்; அவருடைய பங்குப் பத்திரம் பிளாஸ்டிக் உறையில் என் பீரோவில் இருக்கிறது. எங்கள் உள்ளூர்ச் சங்கம் அந்த நினைப்பில் பிறந்தது. இந்த நிலம் யாரும் கொடுத்த தானம் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம்.

இப்போது திருத்திய வரைபடம் தயார். எல்லாம் ஒற்றை மாடி வரிசை வீடுகள். எந்தக் கூரையும் பள்ளிக் கூரையைவிட உயராது. பங்களாவிலிருந்து பார்க்கும் பார்வையை மறைக்காதபடி மேட்டடியில் ஒரு பட்டை நிலம் காலியாக விடப்பட்டிருக்கிறது. மரங்கள் அத்தனையும் நிற்கும். வீடுகள் பழைய லயங்கள் நின்ற அதே ஆறு வரிசையில் வரும். அஸ்திவாரக் கல் இன்னும் அங்கங்கே தெரிவதால் அளந்து குறித்திருக்கிறார்கள். பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பாலர் பள்ளியாக நடத்துவதையும் புகைவீட்டுக்குக் கூரை போடுவதையும் அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள் என்று சங்கம் கேட்கிறது. செய்யாவிட்டால் எங்களைப் பிடிக்கலாம்.

மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக ஒரு மாதக் கெடு. அது அடுத்த வாரம் முடிகிறது. உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகச் சங்கம் மனுவைப் போடும். ஆனால் வக்கீல்களுக்குக் கொடுக்கும் பணம் புகைவீட்டுக் கூரைக்குப் போக வேண்டிய பணம். திருத்திய வரைபடத்தைப் புது விண்ணப்பமாக ஏற்று, முடிவு எடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எதிர்ப்பு மனு கொடுத்தவர்களையும் அழைத்து வாருங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வந்தால் கோயில் திறந்திருக்கும், பள்ளிக்கூடச் சாவியும் அங்கேதான். மழை பெய்திருந்தால் செம்மண் பாதையில் கார் இறங்காது. கள்ளுக்கடை இருந்த முனையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். நான் அங்கே நிற்பேன், லயம் நின்ற இடங்களைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாவது லயத்தில் பிறந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை