சம்பளப் பிடித்தத்தில் அந்த ஆயிரம் ரூபாய்: ஒன்றிய சட்ட அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுபவன். கடன் வழக்கில் தீர்ப்பாகி, ஊழியரின் சம்பளத்தைப் பிடித்து அனுப்பச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தால் அது என் மேசைக்குத்தான் வரும். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 60-ஆவது பிரிவு சொல்கிறது. முதல் 1,000 ரூபாயில் கைவைக்கக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கிலும் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 1,000 ரூபாய் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதற்கு முன் 400. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததோடு சரி, அந்தத் தொகை அப்படியே நிற்கிறது.

மொத்தமாக 15,000 ரூபாய் வாங்கும் கடை விற்பனையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 போக மீதி 14,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, 4,666 ரூபாய், நீதிமன்றத்துக்குப் போகிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யும் போனால் கைக்கு வருவது எட்டாயிரத்துச் சொச்சம். வாடகை கொடுப்பாரா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவாரா? ஒரு லட்சம் வாங்குபவருக்கும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். ஆனால் 33,000 போனாலும் அவரிடம் 67,000 மிஞ்சுகிறது. குறைந்த சம்பளக்காரரைக் காப்பாற்ற வேண்டிய முதல் வரம்பு இன்று யாரையும் காப்பாற்றவில்லை.

உடலுழைப்புத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர் கூலிக்கு முழு விலக்கு உண்டு. விற்பனையாளர், கணக்கு எழுதுபவர் போன்றவர்கள் அதில் சேர்வார்களா என்பதை வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல் வைக்க அவர்களிடம் ஏது பணம்? பலர் கட்டுவது தாங்கள் வாங்கிய கடனைக்கூட அல்ல, உறவுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனை. ஒரே தீர்ப்புக்கு 24 மாதம் பிடித்தபின் விடுதலை உண்டுதான். அதற்குள் வீட்டுச் செலவுக்கு வட்டிக்கு வாங்கி இன்னொரு கடனில் விழுந்துவிடுகிறார்கள்.

விலக்குத் தொகையை அந்தந்த மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியத்தோடு இணையுங்கள். அது ஏற ஏற இதுவும் ஏறும். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை. இதனால் கடன் ரத்தாகிவிடாது; பிற சொத்துகளின் மேல் போகும் உரிமை கடன் கொடுத்தவருக்கு அப்படியே இருக்கும். ஜீவனாம்சத்துக்கான பிடித்தம் தனி விதி, அதில் கைவைக்க வேண்டாம்.

இன்னொன்று. 1999 திருத்தம், ஏற்கெனவே பிடித்தத்தில் இருந்தவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. இந்த முறை அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சம்பளக் கணக்கர்