எலக்ட்ரோலிசிஸ்: முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தில் வளரும் வேண்டாத முடியை எலக்ட்ரோலிசிஸ் முறையில் நீக்குவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரத்தால் வேரை அழிக்கும் முறை இது என்பதையும், லேசரைப் போல முடியின் கருமையை நம்பியிராததால் நரைமுடிக்கும் எந்த நிறத் தோலுக்கும் பொருந்தும் என்பதையும் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆனால் யார் செய்துகொள்ளலாம், யார் தள்ளிப்போட வேண்டும், யார் தவிர்க்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும், 'மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்' என்ற ஒற்றை வரியோடு கட்டுரையை முடித்துவிட்டார். தோல் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முடி ஏன் வளர்கிறது என்பதே முதற்கேள்வி. பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருவது. அதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் மாதவிடாய் ஒழுங்கின்மை, ஓயாத முகப்பரு, தலைமுடி மெலிதல் ஆகியவற்றோடு மோவாயிலும் தாடையிலும் முடி தடித்தால், சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து குரலும் கனத்துப்போனால், அரிதாகச் சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும் என்பதால், அழகு நிலையத்துக்குப் போவதற்கு முன் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஸ்டீராய்டு, மினாக்சிடில், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் முதலிய மருந்துகளாலும் முடி கூடுதலாக வளரும். காரணத்தைக் கவனிக்காமல் ஊசியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அழிந்த முடி திரும்பி வந்துவிட்டது என்று அவர்கள் மனம் நொந்து போவார்கள். உண்மையிலோ, பக்கத்து மயிர்க்கால்களில் இருந்த பூனைமுடி ஹார்மோனின் தூண்டுதலால் தடித்திருக்கும்.

அடுத்தது, உடல் இதற்கு ஏற்றதா என்பது. நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தும் கால்வானிக் முறையில், சிகிச்சை பெறுபவர் ஒரு மின்முனையைக் கையில் பிடித்துக்கொள்ள, மின்சாரம் உடலின் வழியாகவே சுற்றை நிறைவு செய்கிறது. மயிர்க்காலில் உள்ள உப்புநீரில் அது உண்டாக்கும் காரமே வேரை அழிக்கிறது. தெர்மோலிசிஸ் முறையில் உயர் அதிர்வெண் மின்சாரம் எழுப்பும் வெப்பம் அந்த வேலையைச் செய்கிறது. எந்த முறையானாலும் பேஸ்மேக்கரோ, இதயத்துக்கான வேறு மின்கருவியோ பொருத்தப்பட்டவர்கள், இதய மருத்துவரின் தெளிவான அனுமதி இல்லாமல் இதற்கு உட்படக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றுப் பகுதியிலும் மார்பிலும் செய்துகொள்வதைத் தவிர்ப்பதும், பிற இடங்களுக்கு மகப்பேறு மருத்துவரைக் கேட்பதும் நல்லது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிராய்ப்பும் கன்றலும் கூடும். சிறு காயமும் கெலாய்டு தழும்பாகப் புடைக்கும் தன்மை உள்ளவர்களுக்கு இந்த முறையே சரிவராமல் போகலாம். உதட்டோரம் அக்கி அடிக்கடி வருபவர்கள் அதையும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மச்சத்தில் முளைத்த முடியை, அந்த மச்சத்தை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை எவரும் தொடக் கூடாது.

இத்தனையையும் எழுதியது மிரட்டுவதற்காக அன்று. 1875-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணை உறுத்தும்படி உள்நோக்கி வளர்ந்த இமைமுடியை நீக்கக் கையாண்ட முறை இது. பழகிய கையில் இன்றும் பாதுகாப்பானதே.

அந்தப் பழகிய கையை எப்படி அறிவது? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கிறார்களா, கையுறை அணிகிறார்களா, இடுக்கியை ஆட்டோகிளேவில் நுண்ணுயிர் நீக்கித்தான் எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ஆகியவை பரவும் வழியில் ஊசியும் ஒன்று. வேலை சரியாக நடந்தால், மின்சாரம் பாய்ந்த பின் இடுக்கியால் எடுக்கும் முடி வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். சுருக்கென்று பிடுங்கும் வலி தெரிந்தால் வேர் அழியவில்லை. அது வெறுமனே முடியைப் பிடுங்குவதுதான். ஊசியே இல்லாமல் முடியின் நுனியைப் பிடித்து மின்சாரம் செலுத்துவதாகச் சொல்லும் கருவிகளுக்கும் இதே கதிதான், ஏனெனில் முடி மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது.

மரத்துப்போவதற்கான க்ரீம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது பெருங்குறை. லிடோகெய்ன் கலந்த க்ரீமை அதிகப் பரப்பில் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்தால், மருந்து இரத்தத்தில் மிகுந்து வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் உயிரிழப்பும் நேரலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரித்தது. வலி பொறுக்காதவர்கள் தாமாக வாங்கிப் பூசாமல், எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நேரம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால அளவையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. வளர்பருவத்தில் உள்ள முடியின் வேர்தான் முழுமையாக அழிகிறது என்பதால் தோலின் ஒரே பகுதியில் திரும்பத் திரும்பச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். மோவாய்க்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் வேக்சிங்கும் த்ரெடிங்கும் கூடாது, முடியை மழிக்கலாம். சில அமர்வுகளில் முடித்துத் தருவதாக உறுதி சொல்லும் இடத்தை நான் நம்ப மாட்டேன்.

கருநிறத் தோலில் சிறு எரிச்சலும் கரும்படையாகத் தங்கிவிடக்கூடும். ஆகவே முகத்தில் கைவைக்கும் முன், மறைவான ஒரு சிறு இடத்தில் செய்து பார்த்துச் சில வாரங்கள் காத்திருப்பது வீண் தாமதம் ஆகாது. சிகிச்சைக்குப் பின் சிவப்பும் லேசான வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். பொருக்கைப் பிய்க்காமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். சீழ் வைத்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஊசி போட்ட இடத்துக்கே திரும்பிப்போய்ச் சமாதானம் கேட்டுக்கொண்டிராமல் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி