எஃப்.ஐ.ஆரையும் ஆய்வு செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டம், உரிமை, சமூகநீதிப் போராட்டங்களை ஆராயும் அரசியல் அறிவியல் ஆய்வாளர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தீர்ப்புகளை அலசும் அவர்கள் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் காகிதமான எஃப்.ஐ.ஆரையும் (முதல் தகவல் அறிக்கை) அதே அக்கறையோடு படிக்க வேண்டும்.

சாதி கடந்து மணந்துகொண்டதற்காகக் கொல்லப்பட்ட, எங்கள் கடலூர் மாவட்டத்துக் கண்ணகி–முருகேசன் தம்பதியின் கொலை வழக்கையே பாருங்கள். கொலை நடந்தது 2003 ஜூலையில். உள்ளூர் போலீஸ் போட்ட வழக்கில் முருகேசனின் தந்தையையே குற்றவாளியாகச் சேர்த்தார்கள். 2004இல் சி.பி.ஐ.க்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. கடலூர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 2021 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டனை பெற்றவர்களில் காவல்துறை அதிகாரிகள் இருவரும் உண்டு.

இன்றும் சாதி வன்கொடுமைப் புகாரோடு போகிறவர்களிடம் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல) கொடுத்து, "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையே இல்லை. வாயால் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது புகாரின் வாசகத்தில். "அசிங்கமாகத் திட்டினார்" என்று மட்டும் எழுதினால் வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும். சொன்ன சாதிப் பெயர், சொன்ன வார்த்தை இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். சம்பவம் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே தெருவா, டீக்கடையா, பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதும் புகாரில் வேண்டும்.

விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக் கூடாது. இன்ஸ்பெக்டர் விசாரித்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். இரு தரப்புச் சாதிச் சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள்தான் கெடு. சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையில் 25 சதவீதம் எஃப்.ஐ.ஆர். கட்டத்திலும், 50 சதவீதம் குற்றப்பத்திரிகை போனதும், மீதி குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததும் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் ஒரு ரூபாயும் வராது.

கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதன் கூட்டக் குறிப்புகளையும், எத்தனை சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆராக மாறியது என்ற கணக்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தாலுகாவாரியாக ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்