மண்ணை அள்ளினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு பீன்யாவில், எங்கள் தெருமுனையில் மூடிக்கிடந்த முலாம் பூசும் பட்டறையை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டவிருப்பவர்கள், மேல்மண்ணை லாரியில் அள்ளிப்போனதோடு இடம் சுத்தமாகிவிட்டது என்கிறார்கள். அங்குள்ள பழைய ஆழ்துளைக் கிணற்று நீரோ வெள்ளை வாளியில் இன்றும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. முலாம் தொழிலில் புழங்கும், நீரை மஞ்சளாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமிய உலோகத்தின் நச்சு வடிவம்) நீரில் எளிதில் கரைந்து பாறை வெடிப்புகளின் வழியே பரவக்கூடியது; கொதிக்கவைத்தாலும் போகாது (நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்). குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. நீரை இறைத்துச் சுத்திகரிப்பதோ, ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைச் செலுத்தி, எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவுக்கு மாற்றுவதோ ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய வேலை. எனவே, கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆய்வு முடிவுகளை வெளியிடும்வரை குடியேற அனுமதி வழங்கக் கூடாதென அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீன்யா வாசகர்