ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பெரியவர்களைப் பார்ப்பது யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நம் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் உதவியாளராக இருப்பவள் எழுதுகிறேன். நேரில் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் பெரியவர்களின் பிள்ளைகளும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: எங்களை நாள் சம்பளத்தில் வைத்திருக்காமல் நிரந்தர வேலைக்கு எடுங்கள்.

வேலை பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையுறைத் தொழிற்சாலைக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் போய்விடுகிறார்கள். அங்கே இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி பிடிக்கிறார்கள், மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் போகும்போது என்ன போகிறது என்பது அலுவலக அறைக்குத் தெரிவதில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டி ஒருவர் நம்மிடம் வருகிறார். மறதி நோய். மாலையானால் எழுந்து போய்க் கதவை ஆட்டுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு, தண்டல் ஏசுவாரு" என்பார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு, தண்டல் என்றால் கங்காணி. புதிதாக வந்த பிள்ளை நல்ல மனதோடுதான், "தோட்டத்தையே வித்துட்டாங்க பாட்டி, உட்காருங்க" என்றாள். பாட்டி ஓவென்று அழுது அவளைத் தள்ளிவிட்டார். "இன்னிக்கு மழை பாட்டி, வெட்டு இல்ல" என்றால் போதும். தலையை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் பக்கத்திலேயே இருந்து பழகியவருக்குத்தான் இது தெரியும். எந்தப் பாரத்திலும் எழுதியிருக்காது.

பக்கவாதம் வந்த தாத்தாவுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இந்த வேலையை நேற்று வந்தவரிடம் எப்படி விடுவது?

நான்கு பேரையோ அதற்கு மேலோ பகலில் வைத்துப் பார்க்கும் இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் இருக்கிறது. நம் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது; அதில் எனக்கும் பெருமைதான். அதே அக்கறை எங்கள் மேலும் இருக்கட்டும். ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி கட்டியாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. எங்கள் நாள் கூலியைக் கூட்டிப் பாருங்கள், எந்த மாதமும் அதைத் தொடாது. வேனிலிருந்து பெரியவரைத் தாங்கி இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் சொந்தக் காசில்தான் கிளினிக்குக்குப் போகிறோம், அன்றைய கூலியும் இல்லை.

நன்கொடையில் நடக்கும் மையம், பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆண்டு விருந்துக்கு மேசைக்கு இவ்வளவு என்று சீட்டு விற்று வரும் பணம் இம்முறை புது ஏர்கோனுக்கு என்று கேள்விப்பட்டேன். பழைய காற்றாடிகள் இன்னும் நன்றாகத்தான் சுற்றுகின்றன. அந்தப் பணத்தில் எங்கள் சொக்சோவையும் இபிஎஃப்பையும் தொடங்குங்கள். சம்பளத்தை எப்போது, எப்படிச் சரிசெய்வது என்பதை எங்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எங்களில் இருவரை அழையுங்கள். பெரியவர்களை வேனில் ஏற்றிவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வர முடியும்.

இப்படிக்கு,
மையத்தின் உதவியாளர் ஒருவர்