மாலதிக்கு, டாஹோ பற்றி

அன்புள்ள மாலதி,

இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, தேக்கா சந்தை வரை தனியாகப் போய் வருகிறார். மணியம் அண்ணன் இன்னும் அதே மணியம் அண்ணன்தான்.

சரி, உன் ஆப்பிள் மேக் கணினியில் டாஹோ, அதாவது மேக்ஓஎஸ் 26 இயங்குதளத்தை, ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்று. இன்டெல் சிப் உள்ள பழைய மேக்குகளுக்கு இதுதான் கடைசிப் பெரிய பதிப்பு. எல்லா இன்டெல் மாடலிலும் ஓடாது, உன்னுடையது பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி. நகலெடுத்த பழைய வரிகளையும் இப்போது எடுத்துக் கொடுக்கிறது. நாள் முழுக்க மெய்ப்பு பார்க்கும் நமக்கு அது ஒன்றே போதும். ஃபோல்டருக்கு நிறம் கொடுக்கலாம். செயலிகளை வரிசையாகக் காட்டும் லாஞ்ச்பேட் போய்விட்டது, நீ அழுவாய், தெரியும்.

உறுத்துவது லிக்விட் கிளாஸ் என்ற அந்தப் புதுத் தோற்றம். மெனு, பட்டன் எல்லாம் கண்ணாடி, பின்னால் இருப்பது ஊடுருவித் தெரிகிறது. மெனு பாருக்குப் பின்னணியே இல்லை, வால்பேப்பர் மேலேயே எழுத்து நிற்கிறது. மாலதி, நம் எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தால் 'க்' 'க' ஆகிவிடும்! சுழியும் கொம்பும் நெருங்கி நிற்கும் எழுத்துக்குப் பின்னால் மரக்கிளைப் படம் ஒன்று இருந்தால் போதும், கண் திணறும். அம்மா வயதுக்காரர்கள் என்ன செய்வார்கள்?

1997-ல் நா. கோவிந்தசாமி இங்கே சிங்கப்பூரில் தமிழ்க் கணினிக்கான தமிழ்நெட் மாநாடு நடத்தியபோது இருந்த கவலையை நினைத்துப் பார். ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் படிக்க வர வேண்டும், அவ்வளவுதான். அது நடந்துவிட்டது. முத்து நெடுமாறன் உருவாக்கிய, தமிழ் தட்டச்சுக்கான அஞ்சல் விசைப்பலகை மேக்கோடு சேர்ந்தே வருகிறது. இத்தனை பேர் பாடுபட்டுத் திரைக்குக் கொண்டுவந்த எழுத்தை அலங்காரத்துக்காக மங்க விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பலர் குறை சொன்ன பிறகு, டாஹோவின் 26.1 புதுப்பிப்பில் கண்ணாடியை அடர்த்தியாக்க ஒரு வழி கொடுத்தார்கள். அதனால் தமிழ் படிப்பவர்களும் குறையை ஆப்பிளுக்கு எழுதி அனுப்ப வேண்டும். நான் அனுப்பிவிட்டேன், நீயும் அனுப்பு. உன் மாணவர்களையும் அனுப்பச் சொல்.

அதுவரை சிஸ்டம் செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, அதற்குள் டிஸ்பிளே போய் ஊடுருவித் தெரிவதைக் குறைக்கும் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி'யைப் போட்டு வை. மெனு பாருக்குப் பின்னணி காட்டவும் தனியே ஒரு தேர்வு உண்டு. இரண்டையும் போட்டால் நிம்மதியாகப் படிக்கலாம்.

அப்புறம், ஜூன் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று? செல்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
ராஜி